சங்கத் தேர்தலுக்குத் தனித் தேர்தல் குழு: முதல்முறை அமைப்பவர்களுக்கு

குடியிருப்போர் சங்கம், தொழிற்சங்கம், முன்னாள் மாணவர் சங்கம் என்று எதுவானாலும், பதவிக்காலம் முடியும்போது தேர்தலை நடத்துபவர் பெரும்பாலும் பதவியில் இருக்கும் செயலாளர்தான். உறுப்பினர் பதிவேடு அவரிடம் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவின் அட்மினும் அவர்களில் ஒருவர். அவர்களே மறுபடியும் போட்டியிட்டால், எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும் தோற்றவருக்கு நம்பிக்கை வராது. அதற்கப்புறம் சங்கம் இரண்டாகப் பிரியும். பராமரிப்புக் கட்டணம் கட்டமாட்டேன் என்று சிலர் நிற்பார்கள், சிலர் நீதிமன்றத்துக்குப் போவார்கள்.

இதைத் தவிர்க்கத்தான் தனித் தேர்தல் குழு. ஆனால் எல்லோரும் மதிக்கும் மூன்று பெரியவர்களின் பெயரை அறிவித்துவிட்டால் மட்டும் குழு சுதந்திரமாகிவிடாது. அவர்களை யார் நியமிக்கிறார்கள், யார் நீக்கலாம், பணம் யார் கையில், ஆட்கள் யார் சொல்லைக் கேட்பார்கள், தேதியை யார் குறிப்பார்கள்? இந்த ஐந்தும் பதவியில் இருப்பவர்களின் கையை விட்டுப் போகவேண்டும். அதுவும் யார் யார் போட்டியிடுவார்கள் என்று தெரிவதற்கு முன்பே போகவேண்டும். இந்தியாவும் இலங்கையும் இதையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கின்றன. அந்த அனுபவத்தைச் சங்க அளவுக்குக் கொண்டுவந்து படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: பைலாவும் பொதுக்குழுத் தீர்மானமும்

முதலில் உங்கள் சங்கத்தின் பைலாவை எடுத்து, தேர்தல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல சங்கங்களில் "நிர்வாகக் குழு பொதுக்குழுவில் தேர்ந்தெடுக்கப்படும்" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இருக்காது. அப்படியானால் பைலாவுக்கு முரணில்லாத தேர்தல் விதிகளைப் பொதுக்குழுவில் தீர்மானமாகப் போட்டே தொடங்கிவிடலாம். "செயலாளரே தேர்தலை நடத்துவார்" என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் பைலாவைத் திருத்தித்தான் ஆகவேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால் அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், திருத்தத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்யவேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். எனவே தேர்தல் வருஷத்துக்கு முந்தைய ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது யார் விதி கொண்டுவந்தாலும், அது தன் ஆளுக்காகக் கொண்டுவந்த விதி என்றுதான் பேச்சு வரும். அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கும்.

இரண்டாம் படி: யாரைப் போடுவது, யார் நீக்கலாம்

நியமிப்பது பொதுக்குழுவாக இருக்கட்டும், நிர்வாகக் குழு வேண்டாம். மூன்று பேர் போதும், கூடவே ஒரு மாற்று உறுப்பினர். நிர்வாகக் குழுவில் இருப்பவர், போட்டியிடப் போகிறவர், அவர்களுடைய வீட்டார், அவர்களோடு தொழில் கூட்டு உள்ளவர் யாரும் கூடாது. குழுவில் சேருகிறவர் இந்தத் தேர்தலில் நிற்பதில்லை, வரப்போகும் நிர்வாகத்தில் எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை என்று எழுதிக் கையெழுத்திடவேண்டும். இந்த இரண்டாவது உறுதிமொழியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தேர்தல் முடிந்த மறுவாரமே தேர்தல் அலுவலர் "கௌரவ ஆலோசகர்" ஆனால் ஊர் என்ன பேசும் என்று யோசித்துப் பாருங்கள்.

நியமனத்தைவிட நீக்கத்தைப் பற்றி அதிகம் யோசிக்கவேண்டும். இந்தியத் தேர்தல் ஆணையம் 1950-இலிருந்து தனி ஒருவரின் தலைமையில்தான் இயங்கியது. 1989 அக்டோபரில், பொதுத்தேர்தல் நெருங்கும் நேரத்தில், அப்போதைய அரசு கூடுதலாக இரண்டு தேர்தல் ஆணையர்களை நியமித்தது. ஆட்சி மாறியதும் 1990 ஜனவரி முதல் தேதியில் அந்த இரண்டு பதவிகளே ரத்தாகிவிட்டன. நீக்கப்பட்ட இருவரில் ஒருவரான தனோவா உச்ச நீதிமன்றம் வரை போயும் பலனில்லை. தலைமைத் தேர்தல் ஆணையரை மட்டும் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் நீக்கமுடியும் என்று அரசியல் சாசனத்தின் 324-ஆவது பிரிவு பாதுகாக்கிறது. மற்ற ஆணையர்களை நீக்க அவருடைய பரிந்துரை இருந்தால் போதும்.

உங்கள் விதியில் மூவருக்கும் ஒரே பாதுகாப்பைக் கொடுங்கள். நியமித்த பொதுக்குழு மட்டுமே, காரணத்தை எழுத்தில் சொல்லி, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு நீக்கலாம். தேர்தல் அறிவிப்பு வந்தபிறகு முடிவு வரும்வரை யாரையும் நீக்கக்கூடாது. வெறும் தீர்மானத்தால் குழுவையே கலைக்கவும் கூடாது.

ஒருவர் போதாதா என்று கேட்பார்கள். 1993 அக்டோபரில் அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என்.சேஷனுக்குத் துணையாக எம்.எஸ்.கில், ஜி.வி.ஜி.கிருஷ்ணமூர்த்தி இருவரையும் அரசு நியமித்தபோது, தன் கையைக் கட்டத்தான் இது என்று சேஷன் வழக்குத் தொடுத்தார். 1995-இல் உச்ச நீதிமன்றம் மூவர் ஆணையம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அரசின் நோக்கம் எதுவாக இருந்திருந்தாலும் மூவர் முறையே நல்லது என்பது என் கருத்து. ஒருவரை மடக்குவது எளிது, மூவரை மடக்குவது கடினம். பெரும்பான்மைப்படி முடிவெடுங்கள். உடன்படாதவர் தன் காரணத்தை மினிட்ஸ் புத்தகத்தில் எழுத உரிமை கொடுங்கள்.

நியமிப்பவர்களிலும் ஒரு சமநிலை வேண்டும். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து ஆணையர்களைப் பரிந்துரைக்கவேண்டும் என்றது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டத்தில் தலைமை நீதிபதியின் இடத்துக்குப் பிரதமர் நியமிக்கும் ஒரு மத்திய அமைச்சர் வந்துவிட்டார். ஆக, மூவரில் இருவர் ஆளும் தரப்பு. உங்கள் சங்கத்திலும் பெயர்களைத் தேர்ந்து பொதுக்குழுவுக்குப் பரிந்துரைக்க ஒரு சிறு குழு போட்டால், எண்ணிக்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள்.

சங்கத்தில் சம்பளம் வாங்கும் மேலாளரைத் தேர்தல் அலுவலராக்குவதும் வேண்டாம். கோவாவில் மாநிலச் சட்டத்துறைச் செயலாளருக்கே மாநிலத் தேர்தல் ஆணையர் பொறுப்பைக் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். அரசுப் பதவியில் இருப்பவர் அந்தப் பொறுப்பை வகிக்கக்கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாதச் சம்பளம் கொடுப்பவரின் வேட்புமனுவையே தள்ளுபடி செய்யும்படி யாரையும் நாம் சோதிக்கவேண்டியதில்லை.

இன்னொன்று: குழு அமையாமலே போனால் என்ன செய்வது? இலங்கையில் 2001-இல் அரசியல் சாசனத்தின் 17-ஆவது திருத்தம் சுதந்திரமான தேர்தல் ஆணைக்குழுவுக்கு வழிசெய்தது. ஆனால் ஆணைக்குழு அமையவே இல்லை. அது அமையும்வரை பழைய ஆணையாளர் தொடரவேண்டும் என்றிருந்ததால், ஓய்வுபெற விரும்பிய தயானந்த திசாநாயக்க ஆண்டுக்கணக்கில் பதவியிலேயே இருக்கவேண்டியதாயிற்று. 19-ஆவது திருத்தத்துக்குப் பிறகு 2015 நவம்பரில்தான் மகிந்த தேசப்பிரியவின் தலைமையில் ஆணைக்குழு உருவானது. ஆகவே, "குறிப்பிட்ட தேதிக்குள் நியமனம் முடியாவிட்டால் சங்கத்தின் மூத்த உறுப்பினர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் மூவர்" என்பதுபோல ஒரு மாற்று வழியை விதியிலேயே எழுதிவையுங்கள்.

மூன்றாம் படி: பணம், ஆட்கள், தேதி

2023 மார்ச் 9 அன்று இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்திருக்கவேண்டும். வேட்புமனுக்கள் வாங்கி முடிந்திருந்தன. திறைசேரி (அரசுக் கருவூலம்) பணத்தை விடவில்லை. பணம் வராமல் வாக்குச்சீட்டு அச்சாகவில்லை. சட்டப்படி சுதந்திரமான ஆணைக்குழு கையைப் பிசைந்துகொண்டு நின்றது. இது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததென்னவோ 2025 மே 6-இல்.

சங்கத்தில் தொகை சிறியது, சிக்கல் அதேதான். வாக்குச்சீட்டு அச்சு, பெட்டி, அரக்கு, பந்தல், நாற்காலி, ஜெராக்ஸ், எல்லாவற்றுக்கும் ஒரு பட்ஜெட் போட்டு, அறிவிப்புக்கு முன்பே அந்தத் தொகையைத் தேர்தல் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் பொருளாளரிடம் கையெழுத்து வாங்க ஓடும் நிலை வரக்கூடாது. கணக்கைப் பிறகு பொதுக்குழுவில் வைத்தால் போதும்.

ஆட்கள் விஷயத்தில் இந்தியச் சட்டத்திலிருந்து ஒரு நல்ல யோசனையை எடுத்துக்கொள்ளலாம். தேர்தல் அறிவிப்பிலிருந்து முடிவு வரும்வரை தேர்தல் வேலை பார்க்கும் அரசு ஊழியர்கள் ஆணையத்துக்கு அயற்பணியில் வந்தவர்களாகக் கருதப்படுவார்கள், அதுவரை ஆணையத்தின் கட்டுப்பாட்டில்தான் இருப்பார்கள். இந்த அதிகாரத்தை அரசு மதிக்கவில்லை என்றுதான் 1993 ஆகஸ்டில் சேஷன், இதற்கு ஒரு முடிவு தெரியும்வரை எந்தத் தேர்தலும் நடக்காது என்று உத்தரவே போட்டார். உங்கள் விதியிலும் அலுவலக எழுத்தர், காவலாளி, அலுவலகச் சாவி, நோட்டீஸ் போர்டு, உறுப்பினர் மின்னஞ்சல் பட்டியல் எல்லாம் அந்த நாட்களில் தேர்தல் குழுவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை என்று எழுதுங்கள்.

தேதிக்குத் தமிழ்நாட்டு உள்ளாட்சியைவிட நல்ல உதாரணம் கிடையாது. மாநிலத் தேர்தல் ஆணையம் அரசியல் சாசன அமைப்புதான். ஆனாலும் 2016-இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான். இட ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை, வழக்குகள் என்று தள்ளிப்போய், இடைப்பட்ட காலம் முழுக்கத் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். தேர்தலுக்கு முன் முடியவேண்டிய வேலை வேறொருவர் கையில் இருந்தால், தேர்தலும் அவர் கையில்தான் இருக்கிறது. "பதவிக்காலம் முடிவதற்கு 30 நாட்களுக்கு முன் ஓட்டுப்பதிவு முடிந்திருக்கவேண்டும்" என்று விதியில் நாளைக் கட்டிவிடுங்கள். நாளை அறிவிக்கும் அதிகாரமும் பட்டியல் தயாரிக்கும் வேலையும் தேர்தல் குழுவிடமே இருக்கட்டும்.

நான்காம் படி: வாக்காளர் பட்டியல்

சங்கத் தேர்தல் தகராறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. வீட்டு உரிமையாளருக்கா வாடகைதாரருக்கா ஓட்டு? இரண்டு பேர் பெயரில் பத்திரம் இருந்தால் யார் போடுவது? இரண்டு வீடு வைத்திருப்பவருக்கு இரண்டு ஓட்டா? சந்தா பாக்கி உள்ளவருக்கு உண்டா? பைலா எதைச் சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். சொல்லாத இடங்களை இப்போதே பொதுக்குழுவில் முடிவுசெய்யுங்கள்.

பட்டியலைக் கையில் எடுத்ததும் பெண்களின் பெயர்களைப் பாருங்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்திருந்தார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றதில், ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடமுடியவில்லை. இன்றும் அடுக்குமாடிச் சங்கங்களின் பதிவேட்டில் வீடு மனைவி பெயரில் இருக்கும், உறுப்பினர் பெயர் கணவருடையதாக இருக்கும். பத்திரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

வரைவுப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். ஆட்சேபணைக்கு ஒரு வாரம் கொடுங்கள். சந்தா பாக்கி என்று ஒருவர் பெயரை நீக்குவதானால் எந்த மாதம், எவ்வளவு என்று அவருக்கு எழுத்தில் தெரிவித்து, கட்டுவதற்கு நாள் கொடுத்து, அப்புறம்தான் நீக்கவேண்டும். பொருளாளர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து யாரையும் நீக்காதீர்கள். ரசீதைக் கொண்டுவந்து காட்டினால் ரசீதுதான் சாட்சி. இறுதிப் பட்டியல் வெளியான பிறகு ஒரு பெயரும் சேரக்கூடாது, குறையவும் கூடாது.

ஐந்தாம் படி: வேட்புமனு

மனுவில் எழுத்துப்பிழை, கதவு எண்ணில் ஒரு இலக்கம் மாற்றம், இனிஷியல் விட்டுப்போனது என்று சிறு காரணங்களுக்காக நிராகரிக்காதீர்கள். இந்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே, முக்கியத் தன்மை இல்லாத குறைக்காக மனுவை நிராகரிக்கக்கூடாது என்கிறது. குறையைச் சொல்லி மறுநாள் மாலைக்குள் திருத்தித் தரச் சொன்னால் முடிந்தது. பரிசீலனை எல்லா வேட்பாளர்களும் உட்கார்ந்திருக்கும்போது நடக்கட்டும்.

நிராகரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் காரணத்தை அந்த உத்தரவிலேயே முழுதாக எழுதுங்கள். 1977-இல் பஞ்சாபின் பெரோஸ்பூர் தொகுதியில் மறுதேர்தலுக்கு ஆணையம் உத்தரவிட்டதில் எழுந்த மொகிந்தர் சிங் கில் வழக்கில், உத்தரவில் சொல்லாத காரணத்தைப் பிறகு பிரமாணப் பத்திரத்தில் சேர்த்து அதைத் தாங்கிப்பிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. "தகுதி இல்லை" என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டு, சண்டை வந்தபிறகு விளக்கம் தேடுவது எந்தச் சபையிலும் எடுபடாது.

நிராகரிக்கப்பட்டவர் எங்கே போவார்? நாமக்கல் தொகுதியில் மனு தள்ளுபடியான பொன்னுசாமி, நடுவிலேயே நீதிமன்றம் போனார். தேர்தல் ஓடிக்கொண்டிருக்கும்போது தலையிடமுடியாது, முடிந்தபிறகு முடிவை எதிர்த்துத் தேர்தல் மனுப் போடலாம் என்று 1952-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடு முழுக்க நடக்கும் தேர்தலுக்கு அந்த விதி சரி. 200 பேர் உள்ள சங்கத்துக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை. 48 மணி நேரத்துக்குள் முறையிட, தேர்தல் குழுவில் இல்லாத ஒரு நடுவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள். உறுப்பினராக இல்லாத, ஓய்வுபெற்ற வழக்கறிஞரோ ஆசிரியரோ கிடைத்தால் நல்லது.

நடத்தை விதிகளைப் பற்றி நீட்டவேண்டாம். அறிவிப்புக்குப் பிறகு பழைய நிர்வாகம் புதிய ஒப்பந்தம் போடக்கூடாது, சந்தாவைக் குறைப்பதாக அறிவிக்கக்கூடாது, சங்க வாட்ஸ்அப் குழுவில் எந்த வேட்பாளரின் பிரசாரமும் கூடாது. ஒரு பக்கத்தில் எழுதி எல்லா வேட்பாளர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். இந்தியாவின் தேர்தல் நடத்தை விதிகளும் 1960-இல் கேரளச் சட்டமன்றத் தேர்தலில் கட்சிகள் ஒப்புக்கொண்ட ஒரு சிறு பட்டியலாகத்தான் தொடங்கின.

ஆறாம் படி: ஓட்டும் எண்ணிக்கையும்

ஓட்டுப்பதிவு தொடங்குமுன் பெட்டியைக் கவிழ்த்து வேட்பாளர்களின் ஏஜென்டுகளுக்குக் காலியென்று காட்டுங்கள். மூடிய இடத்தில் காகிதத்தைச் சுற்றி ஒட்டி, அதன் மேல் எல்லா ஏஜென்டுகளும் கையெழுத்துப் போடட்டும். வாக்குச்சீட்டின் பின்பக்கம் தேர்தல் அலுவலரின் முத்திரையும் சுருக்கொப்பமும் இருக்கவேண்டும். அடிக்கட்டையில் வரிசை எண் இருக்கலாம், சீட்டில் மட்டும் எண் வேண்டாம். சிறிய சங்கத்தில் எண்ணை வைத்தே யார் யாருக்குப் போட்டார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மறைவிடம் என்று ஒரு அட்டையை மேசையில் நிறுத்தி, பின்னால் ஜன்னலைத் திறந்துவைக்காதீர்கள்.

ஒருவர் வந்து பார்க்கும்போது அவர் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருந்தால்? திருப்பி அனுப்பக்கூடாது. அடையாளம் சரிபார்த்து, தனிச் சீட்டு கொடுத்து, அதைத் தனி உறையில் ஒட்டிவையுங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு ஓட்டாக இருந்தால் இந்த உறைக்கு மதிப்பு வரும். ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் 2008-இல் சி.பி.ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார் என்பதை நினைவில் வையுங்கள்.

எண்ணும்போது முதலில் மொத்தச் சீட்டுகளை மட்டும் எண்ணி, கையெழுத்துப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அப்புறம் பிரியுங்கள். குறி கோட்டின் மேல் விழுந்தது, இரண்டு முறை குத்தியது போன்ற சீட்டுகளைத் தனித்தட்டில் போட்டுக் கடைசியில் எல்லா ஏஜென்டுகளுக்கும் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். ஓட்டுப் போட்டவரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் அது செல்லும். அரசுத் தேர்தல் விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. செல்லாது என்று முடிவானால் சீட்டின் மேலேயே காரணத்தை எழுதுங்கள். சமமாக வந்தால் குலுக்கல்.

முடிவை வாயால் அறிவிப்பதற்கு முன் தாளில் எழுதி, மூன்று உறுப்பினர்களும் கையெழுத்திட்டு, ஏஜென்டுகளுக்கு நகல் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு தாளில்தான் எல்லாம் நிற்கிறது. கென்யாவில் 2017 ஆகஸ்டில் நடந்த அதிபர் தேர்தலில் வாக்குச்சாவடிப் படிவங்கள் எல்லாம் வந்து சேர்வதற்குள் முடிவை அறிவித்துவிட்டார்கள். செப்டம்பர் முதல் தேதியில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் தேர்தலையே ரத்துசெய்தது. 2022-இல் ஒவ்வொரு சாவடியின் படிவத்தையும் படமெடுத்து இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார்கள். ஆணையர்கள் ஏழு பேரில் நால்வர் முடிவை ஏற்கமாட்டோம் என்று வெளியேறியும், நீதிமன்றத்தில் அந்த முடிவு நின்றது.

ஆன்லைன் ஓட்டு பற்றிக் கேட்பார்கள். வெளிநாட்டில் பாதி உறுப்பினர்கள் இருக்கும் சங்கத்துக்கு அது தேவைப்படலாம். நேரில் கூடமுடிந்த சங்கத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். சந்தேகம் வந்தால் திரும்ப எண்ணிக் காட்ட தாள் இல்லை, கடவுச்சொல்லை வீட்டில் வேறு யார் வைத்திருந்தார்கள் என்றும் தெரியாது.

ஏழாம் படி: புகாரும் ஒப்படைப்பும்

இந்தியாவில் முடிவு வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் தேர்தல் மனுத் தாக்கல் செய்யலாம். சங்கத்துக்கு 15 நாள் போதும். புகாரைத் தேர்தல் குழுவே விசாரிக்கக்கூடாது, மேலே சொன்ன நடுவரிடம் போகட்டும். சிறிய வைப்புத்தொகை வாங்கலாம், புகாரில் நியாயம் இருந்தால் திருப்பித் தரலாம். வாக்குச்சாவடியில் ஒருவரின் அடையாளத்தை ஆட்சேபிக்க ஏஜென்ட் 2 ரூபாய் கட்டவேண்டும் என்று சட்டத்தில் இருப்பதும் இதே எண்ணத்தில்தான். தவறு நடந்தது என்பது மட்டும் தேர்தலை ரத்துசெய்யப் போதாது. அந்தத் தவறு முடிவை மாற்றியிருக்குமா என்று நடுவர் பார்க்கவேண்டும். 40 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவரின் தேர்தலை, 2 செல்லாத சீட்டுக்காகத் திரும்ப நடத்துவதில் பயனில்லை. வித்தியாசமே 2 என்றால் கண்டிப்பாக நடத்தவேண்டும்.

வாக்குச்சீட்டு, அடிக்கட்டை, கையெழுத்துப் பதிவேடு மூன்றையும் தனித்தனி உறையில் அரக்குச் சீல் வைத்து, புகார்க் காலம் முடியும்வரை நடுவரின் பொறுப்பில் வையுங்கள். புகார் எதுவும் நிலுவையில் இல்லையென்றால் இரண்டு வேட்பாளர்கள் முன்னிலையில் சீட்டுகளை அழித்து, அதையும் மினிட்ஸில் எழுதுங்கள். செலவுக் கணக்கு, மீதிப் பணம், முடிவுத் தாளின் அசல் ஆகியவற்றைப் புதிய நிர்வாகத்திடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். விதியில் எங்கெல்லாம் ஓட்டை இருந்தது, எந்தக் கேள்விக்கு விதியில் பதில் கிடைக்கவில்லை என்று இரண்டு பக்க அறிக்கை எழுதி அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். திருத்தங்கள் அந்தக் கூட்டத்திலேயே நிறைவேறட்டும். அடுத்த தேர்தலில் யார் நிற்பார்கள் என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.